முதலாளி சீட்டு

சாவியைத் திருப்பினேன். ஒன்றும் நடக்கவில்லை.

“இன்னொரு தடவை திருப்புங்க அண்ணாச்சி” என்றான் காளிராஜ்.

திருப்பினேன். தகரக் கூரைமேல் புறா ஒன்று நடந்துபோகிற சத்தம்தான் கேட்டது.

இடம், ராஜபாளையத்தில் எங்கள் மில் முதலாளி வீட்டுக் கார் ஷெட். வியாழக்கிழமை மத்தியானம். பெட்ரோல் வாசனையும் அணில் புழுக்கை வாசனையும் கலந்து மூக்கை அடைத்தது. நடுவில் சிவப்பு நிறத்தில் அந்தப் புல்லுவண்டி. இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் மெக்கானிக் காளிராஜ். இரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தோம்.

மறுநாள் காலையில் லாரி வந்துவிடும். அதற்குள் வண்டி ஓடியாக வேண்டும். ஓடாவிட்டால் ஒரு அம்மாவின் புல்தரை போகும், இன்னொரு அம்மாவின் பிழைப்பு போகும். போனால் போகிறதென்று விட முடியாத மூன்றாவது ஒன்றும் இருந்தது. அது என் மானம். “இதெல்லாம் ஒரு வேலையாம்மா?” என்று திங்கட்கிழமை வாயைக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் குடியிருந்துகொண்டு இத்தனை வாரமாக மோட்டாரையும் ஸ்விட்சையும் பற்றியே எழுதுகிறீர்களே, பால்கோவா பற்றி ஒரு வாரமாவது எழுதக் கூடாதா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். ஐயா, எனக்குச் சர்க்கரை. இந்த வாரமும் வண்டிதான்.

புல்லா, கல்லா

ஒரு டிராக்டரைத் தலையில் தட்டிக் குட்டையாக்கினால் எப்படி இருக்கும், அப்படி இருக்கும் அந்த வண்டி. நாலு குட்டிச் சக்கரம், ஸ்டீயரிங், நடுவில் ஒரு சீட்டு. வயிற்றுக்கு அடியில் சீலிங் ஃபேன் இறக்கை மாதிரி பிளேடு. உட்கார்ந்து ஓட்டிக்கொண்டே போனால் புல்லைக் கிராப்பு வெட்டிய மாதிரி வெட்டிவிடும். மலைமேல் ஏதோ ஒரு கிளப்பில் பழசாகிப்போய் ஏலம் விட்டதை எடுத்துக்கொண்டு வந்தார் பெரிய முதலாளி.

பங்களாவுக்குப் பின்னால் ஒன்றரை ஏக்கருக்குப் புல்தரை. ஞாயிற்றுக்கிழமை காலையில் வேட்டியை மடித்துக் கட்டி, தலையில் ஒரு வெள்ளைத் துண்டைச் சுற்றிக்கொண்டு அவரே ஓட்டுவார். வேறு யாரையும் தொட விடமாட்டார். ஓட்டி முடித்து இறங்கும்போது அவர் முகத்தில் இருக்கும் சிரிப்பை மில்லில் யாரும் பார்த்ததில்லை. ஏதோ ஒரு ஒயரைச் சரிபார்க்கப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பார்த்திருக்கிறேன்.

அவர் காலமாகி எட்டு வருஷம் இருக்கும். பதினாறாம் நாள் காரியம் முடிந்து, புல் முழங்கால் உயரத்துக்கு வளர்ந்துவிட்டதென்று வீட்டு டிரைவர் வண்டியை ஸ்டார்ட் பண்ணிப் பார்த்திருக்கிறார். அசையவில்லை. மதுரையிலிருந்து ஒரு மெக்கானிக்கைக் கூட்டிவந்தார்கள். அவரும் பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டார். அதோடு வீட்டில் எல்லோரும் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள். “அவிய போனதோட அதுவும் போயிருச்சு.”

அன்றிலிருந்து வண்டி கார் ஷெட்டில் சாமியாகிவிட்டது. ஆயுத பூஜைக்குச் சந்தனம், குங்குமம். அவர் தலையில் சுற்றும் வெள்ளைத் துண்டை மடித்துச் சீட்டின்மேல் வைத்தார்கள். அமாவாசைக்கு அமாவாசை துவைத்துக் காயவைத்து, திரும்ப அதே இடத்தில் அதே மடிப்பில் வைப்பார்கள்.

துவைப்பது பேச்சியம்மாள். புல்லை வெட்டுவதும் அவள்தான்.

தளவாய்புரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். எட்டு வருஷமாகக் குத்தவைத்து உட்கார்ந்து, பன்னரிவாளால் அந்த ஒன்றரை ஏக்கரையும் அவள்தான் அறுத்துக்கொண்டிருந்தாள். அந்தக் கோடியை முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் இந்தக் கோடியில் வளர்ந்திருக்கும். முழங்கால் இரண்டும் போய்விட்டது.

சின்ன முதலாளிக்கு அது பொறுக்கவில்லையா, போன மழையில் புல்லுக்குள் கிடந்த சாரைப்பாம்பு பொறுக்கவில்லையா, தெரியாது. பூராவும் தோண்டிவிட்டு சிமெண்டுக் கல் பதித்துவிடலாம், கார் நிறுத்தவாவது ஆகும் என்று ஆர்டர் கொடுத்துவிட்டார். அவருடைய அம்மா சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்கள். கடைசியில் மகன் இறங்கிவந்து ஒரு கெடு வைத்தார். வெள்ளிக்கிழமை காலையில் கல் லாரி வரும். அதற்குள் வண்டி ஓடினால் புல்லு, ஓடாவிட்டால் கல்லு.

அம்மா உடனே எனக்குப் போன் போட்டார்கள். “ஏம்ப்பா ராமரு, கல்லானாலும் கணவன், புல்லானாலும் புருஷன்னு சொல்லுவாக. எங்க அவிய புல்லுப்பா. அவிய மேல கல்லைக் கொட்டப் போறான் இவன். செத்த வந்து பாரு.”

மில்லில் முப்பது வருஷத்துக்கு மேல் எலெக்ட்ரீஷியனாக இருந்தவனுக்கு இதைவிட என்ன அழைப்பு வேண்டும்? அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

ஒரு முறுக்கும் நாலு தையலும்

வண்டிக்குள் கை வைப்பதற்கு முன்னால் ஒரு பழைய கதை. இதைச் சொல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது.

எங்கள் மில்லில் முதலாளி வந்தால் உட்கார்ந்திருக்கிறவர்கள் எழுந்து நிற்பார்கள். நோட்டீஸ் போர்டில் எழுதிப் போட்ட சட்டம் கிடையாது. அவர் ஒருநாளும் எழுந்திரு என்று சொன்னதில்லை. உட்கார் என்றும் சொன்னதில்லை. அவ்வளவுதான் விஷயம்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள், மோட்டார் ரூமில் நூல் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தேன். திடீரென்று வாசலில் வெள்ளை வேட்டி. விருட்டென்று எழுந்தேன். தலைக்குமேல் ஸ்விட்ச் போர்டுப் பெட்டியின் இரும்புக் கதவு திறந்து கிடந்ததை மறந்துவிட்டேன். ரத்தம் காதோடு வழிய, வாயில் முறுக்கோடு “வணக்கம் முதலாளி” என்றேன்.

பதறிப்போய்த் தன் காரிலேயே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தார். முதலாளி காரில் சாய்ந்து உட்காரலாமா? சீட்டின் நுனியில் பட்டும் படாமலும், தொடையில் பாரத்தைத் தாங்கிக்கொண்டே போய்ச் சேர்ந்தேன். “தையல் போட்ட எடத்தைவிட தொடைக்குத்தான் நாலு நாளு தைலம் தேச்சேன்” என்று என் மனைவி தங்கம் இன்றைக்கும் விருந்தாளிகளிடம் சொல்லிச் சிரிப்பாள்.

சரி, வண்டிக்கு வருவோம்.

அணில் குடித்தனம்

திங்கட்கிழமை பானெட்டைத் திறந்தேன். உள்ளே தேங்காய் நார், பஞ்சு, கிழிந்த மில் துணி, ஒரு ஜாங்கிரித் துண்டு. அணில் ஒன்று மூன்று தலைமுறையாகக் குடியிருந்திருக்கும் போல. என்னைப் பார்த்து வாடகை கேட்க வந்தவனைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு ஓடியது. நல்லவேளை, குட்டிகள் இல்லை.

எஞ்சின் வேலை என் இலாகா இல்லை. அதனால் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் பைக் பட்டறை வைத்திருக்கும் காளிராஜைக் கூட்டிக்கொண்டேன். கார்புரேட்டரைக் கையில் வைத்துக் குலுக்கியே சீக்கு என்னவென்று சொல்லிவிடுவான். வாய்தான் கொஞ்சம் நீளம்.

பழைய பெட்ரோல் டாங்கில் வெல்லப்பாகு மாதிரி பசையாகிக் கிடந்தது. கழுவினோம். கார்புரேட்டரைக் கழற்றி, ஊசித் துவாரத்தையெல்லாம் ஊதி எடுத்தோம். புது பிளக், புது பேட்டரி, புது ஆயில். டயருக்குக் காற்றடித்தோம். துருப்பிடித்த பிளேடைச் சாணை பிடித்தோம். புதன்கிழமை சாயங்காலம் எல்லாம் தயார். காளிராஜ் எலுமிச்சம்பழம் வாங்கப் போய்விட்டான்.

அதற்குப் பிறகுதான் சாவியைத் திருப்பினோம். செல்ஃப் ஒரு ‘டிக்’ கூடச் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் பேச்சியம்மாள் ஷெட் வாசலில் வந்து நின்றாள்.

“ஓடிருமா அண்ணாச்சி?”

“ஓடாம எங்க போகுது?”

“ஓடலைன்னா கல்லைப் போட்டுருவாக. கல்லுல நான் எத அறுக்க?” என்றவள், வண்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “ஓடினாலும் ஓட்டுறதுக்கு ஒரு ஆம்பளையத்தான் வைப்பாக. எப்படிப் பாத்தாலும் நான் வீட்டுலதான். இருந்தாலும் ஓடட்டும் அண்ணாச்சி. அம்மா நாலு நாளா சரியாச் சாப்பிடல.”

எனக்குச் சுருக்கென்றது. மூன்று நாளாக என் மானத்தைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். இவள் யாரைப் பற்றி யோசிக்கிறாள் பாருங்கள்.

எனக்கு நானே சொன்ன பொய்

வியாழக்கிழமை காலையிலிருந்து அந்த வண்டியோடு மல்லுக்கட்டினேன். பேட்டரியில் கரண்டு இருக்கிறது. ஃபியூஸ் நன்றாக இருக்கிறது. செல்ஃப் மோட்டாருக்கு நேராக ஒயர் கொடுத்தால் சுற்றுகிறது. சாவி வழியாகப் போனால் மட்டும் இல்லை. அப்படியானால் நடுவில் எங்கேயோ அறுந்திருக்கிறது. இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

ஒவ்வொரு ஒயராகப் பிடித்துக்கொண்டு போனேன். ஒரு கறுப்பு ஒயர் மட்டும் சீட்டுக்கு அடியில் போனது. சீட்டைத் தூக்கிப் பார்த்தால்தான் அது எங்கே போய் முடிகிறதென்று தெரியும்.

சீட்டின்மேல் துண்டு இருந்தது.

கை போனது, திரும்பி வந்துவிட்டது. துண்டைத் தொடவா, அந்தச் சீட்டைத் தூக்கவா? ஏதோ லைட்டுக்குப் போகிற ஒயராக இருக்கும் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டு விட்டுவிட்டேன். வாசகர்களே, இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம்தான் முதன்முதலாகச் சொல்கிறேன். தங்கம் இந்தப் பத்திரிகையை வாசிப்பதில்லை என்ற தைரியம்தான்.

காளிராஜும் அலுத்துப்போனான். “அண்ணாச்சி, இது மிசின் கோளாறு இல்ல. அவிய ஆவிதான் விட மாட்டேங்குது. கருப்பசாமி கோயிலுக்கு ஒரு கெடா நேந்துக்கிடுவோம்.”

“வாய மூடுலே. நீ திருப்பு, நான் ஒயரைப் பிடிச்சுப் பாக்கேன்.”

அவன் வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நான் தரையில் குனிந்து டெஸ்டரோடு இருந்தேன். மணி நாலு, நாலரை இருக்கும்.

அந்த நேரத்தில்தான் பேச்சியம்மாள் தலையில் புல்லுக்கட்டோடு ஷெட் வழியாக வந்தாள். மாட்டுக்கொட்டகைக்கு அதுதான் குறுக்கு வழி. பச்சைப் புல், ஈரக் கட்டு, நல்ல பாரம். கழுத்து இறுகி, பார்வை நேராக இருக்கும். கீழே எங்கள் ஆயில் சிந்திக் கிடந்ததை அவள் எப்படிப் பார்ப்பாள்?

கால் வழுக்கியது. “ஐயோ!” என்றாள். வண்டியின் மட்கார்டைப் பிடித்து அவள் நின்றுவிட்டாள். கட்டு நிற்கவில்லை. தொப்பென்று முதலாளி சீட்டில் போய் விழுந்தது.

“ஏட்டி, எடு! எடு!” என்று கத்தினான் காளிராஜ். கத்தினானே தவிர, சாவியில் இருந்த கையை எடுக்கவில்லை. பதற்றத்தில் அதைத் திருப்பினான்.

*டர்ர்ர்... டர்ர்ர்... படபடபடபட.*

ஷெட் அதிர்ந்தது. கூரையிலிருந்து புறாக்கள் கலைந்து பறந்தன. கரும்புகை வந்து, வெள்ளைப் புகையாகி, பிறகு ஒன்றும் இல்லாமல் போனது. எட்டு வருஷம் செத்துக் கிடந்த வண்டி புல்லுக்கட்டைச் சுமந்துகொண்டு சிரித்தது.

பேச்சியம்மாள் அவசரமாகக் கட்டை இழுத்தாள். கட்டு சீட்டிலிருந்து இறங்கியதும் வண்டி நின்றுவிட்டது.

எனக்குத் தலையில் அந்த இரும்புக் கதவு மறுபடியும் இடித்த மாதிரி இருந்தது. துண்டைக் கண்ணில் ஒற்றி ஓரமாக வைத்தேன். சீட்டைத் தூக்கினேன். அடியில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு ஸ்விட்ச். கறுப்பு ஒயர் அதில்தான் முடிந்தது. ஆள் உட்கார்ந்தால்தான் வண்டி ஸ்டார்ட் ஆகும். ஓடும்போது எழுந்தால் நின்றுவிடும். பிளேடில் யாரும் கால் கொடுத்துவிடக் கூடாதென்று செய்திருக்கிறான் புண்ணியவான்.

கோளாறு ஒரு நாளும் இருந்ததில்லை. டிரைவர் நின்றுகொண்டு திருப்பினார். மதுரைக்காரரை நிற்கவைத்துத் திருப்பச் சொன்னார்கள். நான், முப்பது வருஷ எலெக்ட்ரீஷியன், நின்றுகொண்டே திருப்பினேன். எட்டு வருஷமாக மரியாதை ஒன்றுதான் அந்த வண்டியை நிறுத்தி வைத்திருந்தது.

கூச்சோ

சத்தம் கேட்டு அம்மா வந்துவிட்டார்கள். நடந்ததைச் சொன்னேன். சீட்டையும் பார்த்தார்கள், கீழே கிடந்த கட்டையும் பார்த்தார்கள். பேச்சியம்மாள் கைகளைக் கட்டிக்கொண்டு, “தெரியாம விழுந்துருச்சும்மா, அவிய சீட்டு மேலேயே போட்டுட்டேன்” என்று அழுதாள்.

அம்மாவுக்கும் கண்ணில் தண்ணீர். ஆனால் சிரித்துவிட்டார்கள். “அவிய இருந்தா இதுக்கு எம்புட்டுச் சிரிச்சிருப்பாக தெரியுமா? எட்டு வருசமா அவியளுக்குப் பதிலா இந்தப் புல்ல அறுத்தது யாரு? நானா, இந்த ராமரா?” என்றவர்கள், மடித்த துண்டை எடுத்துப் பேச்சியம்மாள் கையில் கொடுத்தார்கள். “தலையில கட்டிக்கோ. வெயிலு அடிக்கும்.” பிறகு சீட்டைக் காட்டித் தங்கள் வீட்டுத் தெலுங்கில் ஒரே ஒரு வார்த்தை. “கூச்சோ.”

உட்காரச் சொல்கிறார்கள் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அந்த வீட்டுப் பந்தியிலும் வரவேற்பறையிலும் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறோம். எங்களைப் பார்த்துச் சொன்னதுதான் இல்லை.

பேச்சியம்மாள் உட்கார்ந்தாள். நான் ஒருகாலத்தில் காரில் உட்கார்ந்தேனே, அதே மாதிரி நுனியில். பாரம் பத்தாமல் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. “நல்லா உக்காரு ஆத்தா, உன் வீட்டுக் கட்டில்னு நெனச்சுக்கோ” என்றான் காளிராஜ்.

இருட்டுவதற்குள் பழகிவிட்டாள். டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு வருகிறவளுக்கு ஸ்டீயரிங் பெரிய விஷயமா?

வெள்ளிக்கிழமை காலையில் கேட்டுக்கு வெளியே கல் லாரி வந்து நின்றது. உள்ளே பேச்சியம்மாள் நாலாவது வரிசை வெட்டிக்கொண்டிருந்தாள். வெட்டின புல்லின் பச்சை வாசனை காம்பவுண்டைத் தாண்டிப் போனது. இஸ்திரி மடிப்புக் கலையாத பேண்டோடு சின்ன முதலாளி படியிறங்கி வந்தார்.

அவரைப் பார்த்ததும் பேச்சியம்மாள் எழுந்தாள். வண்டி நின்றது.

“என்ன அண்ணாச்சி, நின்னுபோச்சு?” என்றார் அவர்.

“ஒண்ணுமில்ல முதலாளி, சின்ன விஷயம்.” மறுபடி ஸ்டார்ட் பண்ணினோம். அவர் இன்னும் இரண்டு அடி பக்கத்தில் வந்தார். அவள் மறுபடி எழுந்தாள். வண்டி மறுபடி நின்றது. மூன்றாவது தடவையும் அப்படியே. வெளியே லாரிக்காரர் ஹாரன் அடித்தார்.

“நான் நிக்கிற வரைக்கும் இது ஓடாதா?” என்று கேட்டார்.

முப்பது வருஷமாக முதலாளி குடும்பத்துக்கு எதிர்ப்பேச்சுப் பேசாதவன் சொன்னேன். “நீங்க வந்தா அவ எந்திரிக்கா. அவ எந்திரிச்சா அது நின்னுபோகுது. வேற கோளாறு ஒண்ணும் இல்ல முதலாளி.”

“நான் வந்தா எந்திரிக்காதீங்க பேச்சியம்மா” என்றார்.

“அது எப்படிய்யா? நீங்க நிக்கயில...” என்றாள் அவள், நின்றுகொண்டே. அவள் சொன்னதில் நடிப்பு இல்லை. கால் கேட்க மாட்டேன் என்கிறது. எனக்கு அந்தக் கால்களைத் தெரியும்.

சின்ன முதலாளி அவளைப் பார்த்தார். அவள் தலையில் இருந்த துண்டைப் பார்த்தார். வராந்தாவில் நின்ற அம்மாவையும் ஒரு தடவை பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, அந்த இஸ்திரிப் பேண்டோடு புல் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அவர் உட்கார்ந்த பிறகுதான் பேச்சியம்மாள் உட்கார்ந்தாள். வண்டி கிளம்பியது. அவரைச் சுற்றிக்கொண்டு வளைந்து போய், அந்தக் கோடிவரை போய், திரும்பி வந்தது. ஒரு தடவைகூட நிற்கவில்லை.

“லாரிய அனுப்பிருங்க அண்ணாச்சி” என்றார்.

கேட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். வந்து வழக்கம்போல அவருக்கு நாலடி தள்ளிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். வராந்தாவிலிருந்து அம்மா கூப்பிட்டார்கள்.

“ராமரு, நீ என்ன? நீயும் கூச்சோ.”

உட்கார்ந்தேன். நுனியில் உட்காரப் புல் தரையில் நுனி ஏது? முழுசாகத்தான் உட்கார்ந்தேன். பனி காயாத புல், வேட்டியெல்லாம் ஈரம்.